எந்த வண்டியை நிறுத்துவது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் நாலு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். விமானக் கடத்தலைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி. ஒரு நாளைக்கு எத்தனையோ விமானம் பறக்கிறது, அதில் இதுதான் என்று ஒன்றை எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று கோட் போட்ட ஒருத்தர் விளக்கிக்கொண்டிருந்தார். வாலில் எந்த நாட்டுக் கொடி வரைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்பார்கள், உலகம் பூராவும் அதைப் பார்க்கணும், அதுதான் அவர்களுக்கு வேண்டியது என்றான் சின்னவன். பெரியவள் அவன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்தபடி, அதெல்லாம் சும்மா என்றாள். எந்த ஊரில் பையைத் திறந்து பார்க்காமல் விடுகிறார்களோ, எது சுலபமாகக் கைக்குச் சிக்குமோ, அதைத்தான் எடுப்பார்கள். கொடி, காரணம் எல்லாம் அப்புறம் மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் என்றாள்.

இரண்டு பேரும் விடவில்லை. சின்னவன் என் பக்கம் திரும்பி என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஆமா, அவரையே கேளு. வண்டிய நிறுத்தினவரு அவருதானே."

கோபமாகச் சொல்லவில்லை. ரசம் வேணுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். உங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்னவன் என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினான். அது நடந்தபோது அவன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாதிதான் தெரியும். பெரியவளுக்கு முக்கால்வாசி தெரியும். மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன், எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பெரியவளை இதில் 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நீ' என்று எழுதிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் போகவில்லை.

நம் வண்டி மாரிகுப்பத்தில் கிளம்பி, அடுத்ததாக நம் சாம்பியன் ரீப்ஸுக்கு வரும். அப்புறம் ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக ஆளை அள்ளிக்கொண்டு பங்காருபேட்டையில் மெயின் லைனில் சேர்ந்து பெங்களூருக்குப் போகும். தங்கம் எடுத்த காலத்தில் நம் ஜனம் சுரங்க ஷாப்ட்டில் இறங்கி வேலைக்குப் போனது. சுரங்கம் மூடின பிறகு இந்த வண்டியில் ஏறிப் போகிறது. நானும் துணி குடோனில் பண்டல் கட்டுகிற வேலைக்கு இருபது வருஷமாக இதில்தான் போகிறேன்.

இந்த வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் வருகிற வேலை நாளில், தினம் போகிறவர்கள் எல்லாம் சேர்ந்து என்ஜினுக்குப் பூஜை போடுவோம். முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை, குறுக்கே ஒரு சிவப்புத் துணி. டிரைவரை இறங்கி வரச்சொல்லி சால்வை போட்டு எலுமிச்சம்பழம் கொடுப்போம். பூசணிக்காய் சுற்றி உடைப்போம். அந்தச் சிவப்புத் துணியைக் கட்டுகிற வேலை என்னுடையது. பூஜை முடிந்ததும் அவிழ்த்து, துவைத்து, நம் பீரோவில்தான் வைப்பேன். அந்த வருஷங்களில் நம் டிரைவர் பங்காருபேட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். துணி கட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க சார், காத்துல பறந்துடும் என்பார். மற்ற நாளில் பிளாட்பாரத்தில் நான் ஓடிவருவதைப் பார்த்தால் ஒரு மூச்சு நேரம் நின்று எடுப்பார்.

அந்த வண்டியில் நமக்கு இருந்த ஒரே குறை பங்காருபேட்டைக்கு வெளியே நிற்பதுதான். மெயின் லைனில் சென்னையிலிருந்து ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் வரும். அது போகிற வரைக்கும் நம் வண்டியை அவுட்டர் சிக்னலில் போட்டுவிடுவார்கள். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. நாங்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அந்த எக்ஸ்பிரஸ் போவதைப் பார்ப்போம். ஏ.சி. பெட்டிக் கண்ணாடிக்குள் யாராவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். பெங்களூரில் இறங்கி ஓடினால் கம்பெனி கேட்டில் லேட் என்று குறித்து அரை நாள் சம்பளத்தைக் கழித்துவிடுவார்கள். மனு கொடுத்தோம், இன்னொரு மனு கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

அதற்காகத்தான் பயணிகள் சங்கம் வந்தது. அதன் தலைவரை உங்களுக்குத் தெரியும். பேர் எழுதப் பிடிக்கவில்லை. நீங்கள் பெரியப்பா என்று கூப்பிட்டவர். வண்டியில் பதினைந்து வருஷம் என் பக்கத்து சீட்டு. அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தம்பி. என் டிபன் டப்பாவை நான் திறப்பதற்கு முன்னால் அவர்தான் திறப்பார். "இன்னா தம்பி, இன்னிக்கும் உப்புமாவா? ஊட்ல சண்டையா?" என்பார். எனக்கு ஜுரம் வந்து அம்மா பயந்த சமயம் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனவரும் அவர்தான். அதையும் எழுதத்தான் வேணும்.

எக்ஸ்பிரஸ்ஸை மறிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். ஊரிகம் பக்கம் ஒரு ஸ்கூல் வராண்டாவில் கூட்டம் போட்டோம். நூறு பேர் இருப்பார்கள். பங்காருபேட்டையில் மெயின் லைனில் சென்னைப் பக்கமாகப் போய் உட்கார்ந்தால் எக்ஸ்பிரஸ் நிற்கும், நம் கிளை லைனுக்கு ஒன்றும் ஆகாது, நம் வண்டி நேராகப் பெங்களூருக்குப் போய்விடும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். இத்தனை வருஷம் நாம் அதுக்காக நின்றோம், ஒரு நாள் அது நமக்காக நிற்கட்டும் என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

ஒருத்தர் எழுந்து, எக்ஸ்பிரஸ்ஸை நிறுத்துவது லேசா, நம் வண்டியையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டார். அதற்குத் தலைவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்வேன். அவருடைய அப்பா சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்குகிற விண்டிங் என்ஜினை ஓட்டினவர். கேஜ் என்றால் ஆளை ஷாப்ட்டுக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அந்தக் காலத்தில் ஸ்ட்ரைக் என்றால் கல் ஏற்றுகிற தொட்டியைத்தான் நிறுத்துவார்கள். கூண்டுக்குள் ஆள் இருந்தால் அது மேலே வந்து கதவு திறக்கிற வரைக்கும் யாரும் என்ஜின் பக்கம் போகமாட்டார்கள். இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஆளு இருக்கற கேஜை எங்கப்பா ஒரு நாளும் நிறுத்தினதில்ல," என்றார். "நம்ம ஜனம் இருக்கற வண்டிய நாம தொடமாட்டோம். இது எங்கப்பா மேல சத்தியம்."

கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு ஆளின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறேனே என்று பெருமையாக இருந்தது.

மறியலுக்குச் செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். அதே செவ்வாய்க்கிழமைதான் பெரியவளுக்குப் பெங்களூரில் சர்ட்டிபிகேட் சரிபார்க்க வரச்சொல்லி லெட்டர் வந்திருந்தது. அரசு வேலை. எழுதின பரீட்சையில் பேர் வந்துவிட்டது, அசல் சர்ட்டிபிகேட்டோடு பத்து மணிக்கு ஆஜர் ஆகணும், வராதவர்கள் இடம் அடுத்தவர்களுக்குப் போய்விடும். நம் குடும்பத்தில் அப்படி ஒரு லெட்டர் அதுவரைக்கும் வந்ததில்லை. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள்.

திங்கட்கிழமையே பஸ்ஸில் போய்ச் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாள் அவள். புத்திசாலித்தனமான யோசனை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் வந்தார். மறியலுக்கு என் பீரோவில் இருக்கிற பூஜைத் துணி வேணும், வேறு கொடி எதற்கு, இது ராசியான துணி என்று சொல்ல வந்தார். துணியை எடுத்துக் கொடுத்தேன். டீ குடித்துக்கொண்டே அவளுடைய லெட்டரை வாங்கி முழுசாகப் படித்தார். படித்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார்.

"பஸ்ஸு இன்னாத்துக்குக் கண்ணு? அன்னிக்கு நம்ம வண்டி அவுட்டர்ல நிக்காது. நீ பெங்களூர்ல எறங்கி காபி சாப்ட்டுட்டுப் போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அவர் சொன்னதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேனா என்று கேட்கிற பார்வை. நான், பெரியப்பா சொல்றாரு இல்ல, நம்ம வண்டியிலேயே போ என்றேன். அவள் எடுத்துவைத்த பையைப் பிரித்துத் துணியை மறுபடி கொடியில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பைக்கில் கூட்டிப்போய்ச் சாம்பியன் ரீப்ஸில் வண்டிக்கு முன்னமே விட்டேன். லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில் நிற்கச்சொன்னேன். பச்சைச் சுடிதார், கையில் பிளாஸ்டிக் பைல். நான் பைக்கிலேயே பங்காருபேட்டைக்குப் போய் மறியலில் சேர்ந்துகொள்வதாகத் திட்டம். பாதி வழியில் போன் வந்தது. ஸ்டேஷனுக்கு வராதே, அதற்கு முன்னால் இருக்கிற லெவல் கேட்டுக்கு வா என்றார் தலைவர். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கேட்டில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நூறு பேர் இல்லை. வரிசையாக பைக்குகள். வீடியோ கேமராவோடு ஒருத்தர் கேட் கம்பத்தில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பெரிய பிளக்ஸ் பேனர் ஒன்றைச் சுருட்டி இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ஒற்றை லைன். மாரிகுப்பத்திலிருந்து வருகிற லைன்.

"அண்ணே, இந்த லைன்ல எக்ஸ்பிரஸ் வராதே," என்றேன்.

"வராது."

"அப்பொ?"

"நம்ம வண்டி வருமில்ல."

அப்புறம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ப் பேசினார். ஸ்டேஷனில் இரண்டு வேன் போலீஸ் இறங்கியிருக்கிறதாம். எக்ஸ்பிரஸ் வருகிற வேகத்துக்குத் துணியைப் பார்த்து நிற்குமா, யாராவது அடிபட்டால் யார் பதில் சொல்வது என்றார். அதற்குள் பெரிய பெரிய ஆபீசர் எல்லாம் இருப்பார்கள், கேஸ் போட்டால் ஜாமீன் கிடைக்காது என்றார். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் அந்த மனுஷர் கேட்டதும் இதைத்தானே என்று எனக்குத் தோன்றியது.

"எக்ஸ்பிரஸ்ஸு பேசறதுக்கு நல்லாருக்கும் தம்பி. கைக்கு ஆவறது இதான். டிரைவரு தெரிஞ்சவரு, இந்த வளைவுல எப்படியும் மெதுவாத்தான் வருவாரு. உள்ள இருக்கறதும் நம்ம ஜனம். பொறுத்துக்குவாங்க."

"எம் பொண்ணு உள்ள இருக்கா அண்ணே."

"தெரியும்," என்றார். என் தோளில் கை போட்டார். "அதான் கொடிய உங்கையில குடுக்கறேன். நாளைக்கு ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. சொந்தப் பொண்ணு உள்ள இருக்கசொல்லவே நிறுத்தினாம்பான்னு சொல்வாங்க. பத்தே நிமிசம். போட்டோ புடிச்சதும் வுட்டுடலாம்."

டி.வி.யில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். தலைவர் நம் வண்டியைப் பொறுக்கி எடுத்தது சுலபம் என்பதற்காக. கொடி என்று ஒன்று வேணுமே, அதற்கு என் மகளை எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் அப்போது அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கேயே துணியைக் கீழே போட்டுவிட்டு நான் போயிருக்கலாம். கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் பைக்கில் பறந்து அவளை இறக்கியிருக்கலாம். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பிடிக்காவிட்டால் இன்னொருத்தர் பிடிப்பார், பத்து நிமிஷம்தானே, இப்படி இப்போது நிறையக் காரணம் எழுதலாம். அப்போது எதுவும் யோசிக்கவில்லை. அவர் சொன்னால் செய்கிறவன் நான். அவ்வளவுதான்.

வண்டி வந்தது. நான் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று பூஜைத் துணியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன். பிரேக் சத்தம் வளைவு திரும்பும்போதே கேட்டுவிட்டது. எனக்கு இருபது அடி முன்னால் நின்றது. நின்ற பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்து என்ஜின் முன்னால் உட்கார்ந்தார்கள். பேனரை விரித்தார்கள்.

டிரைவர் குதித்து இறங்கி என்னிடம்தான் ஓடிவந்தார். உட்கார்ந்தவர்களை அவர் பார்க்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா ஆச்சி சார்? ட்ராக்கு ஒடஞ்சிருக்கா? எங்க?"

விரித்த துணியைத் தாழ்த்தினேன். அவர் குனிந்து எனக்குப் பின்னால் பத்தடி தூரம் நடந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் பேனர் அவர் கண்ணில் பட்டது. என் கையிலிருந்த துணியையும் பார்த்தார்.

"நீங்க காட்னீங்கன்னு நிறுத்தினேன் சார்," என்றார்.  ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. போட்டோ எடுத்தாயிற்று. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கையால் பொறு என்றார். டவுனிலிருந்து ஒரு கட்சிக்காரர் வருகிறாராம், அவர் வந்து பேசினால்தான் செய்தியில் போடுவார்களாம். அரை மணி ஆயிற்று. பெட்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கிச் சரளைக் கல்லில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள். இன்னாப்பா, எக்ஸ்பிரஸ்னு சொன்னீங்களே என்று இரண்டு பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். தலைவர் சொன்னது சரிதான். பொறுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மா ஒரு பாட்டில் தண்ணீர்கூட எங்களிடமே கேட்டு வாங்கிக் குடித்தார்.

அப்போது பங்காருபேட்டைப் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விட்டு விட்டு. எல்லாரும் தலையைத் திருப்பினோம். எக்ஸ்பிரஸ் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அது சரியான நேரம். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவள் லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கி வண்டி நீளத்துக்கும் கல்லில் நடந்து வந்தாள். பைலை மார்போடு பிடித்திருந்தாள். யார் நிறுத்தியது என்று பார்க்க வந்தாளோ, என்னைத் தேடி உதவி கேட்க வந்தாளோ, எனக்குத் தெரியாது. என்ஜினைத் தாண்டினதும் என்னைப் பார்த்தாள். துணி இன்னும் என் கையில்தான் இருந்தது. தலைவர் அவளைப் பார்த்துக் கேமராக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான்பா நான் பஸ்ல போகல," என்றாள்.

டிரைவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் அதை என்னிடம் சொன்னார்கள்.

பைக்கில் உட்காரு, பெங்களூர் வரைக்கும் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கேட் மூடியிருந்ததால் ரோட்டில் நின்ற ஷேர் ஆட்டோ ஒன்று திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் பங்காருபேட்டைக்குக் கிளம்பியது. அதில் ஏறிக்கொண்டாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். துணியைச் சட்டைக்குள் திணித்திருந்தேன். ஆட்டோவின் பின்பக்கம் திறப்பு, அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது. ஊர் வருகிற வரைக்கும் அவள் என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி பெங்களூர் பஸ்ஸில் ஏறினாள். நான் கீழே நின்றேன். ஜன்னல் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தும் உள்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். ரயில் மறியல் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் என்ன செய்வார்கள், லெட்டரிலேயே எழுதித்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பைலை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. அலமாரியில் வைத்தாள்.

இதுவரைக்கும் பெரியவளுக்குத் தெரியும். இனிமேல் சொல்வதுதான் தெரியாது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் கேட்டுக்குத் திரும்பிப் போனேன்.  வேலைக்குப் போகிற முகம் இல்லை, வீட்டுக்குப் போகவும் தைரியம் இல்லை. மறியல் முடிந்து வண்டி போய்விட்டிருந்தது. தலைவர் கட்சிக்காரரோடு காரில் போய்விட்டார். இரண்டு பேர் பேனரைச் சுருட்ட முடியாமல் காற்றோடு போராடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். காலையில் நான் அதன் முதுகுப்பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இப்போதுதான் எழுத்தைப் படித்தேன். மேலே கோரிக்கை. நடுவில் தலைவர் படமும் கட்சிக்காரர் படமும். கீழே தேதி, இடம். இடம் என்ற இடத்தில் பங்காருபேட்டை ரயில் நிலையம் என்று இல்லை. லெவல் கேட் என்று அச்சடித்திருந்தது.

பிளக்ஸ் ஒரு மணி நேரத்தில் அடிக்கிற சாமானில்லை. ஓரத்தில் அடித்த கடையின் பேர் இருந்தது, மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். சனிக்கிழமை வந்து ஆர்டர் கொடுத்துட்டுப் போனாருங்க, இடம் மட்டும் தப்பில்லாம போடச்சொன்னாரு என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை பேனர். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் டீ. அவள் தலையில் கை வைத்து பஸ்ஸு இன்னாத்துக்கு என்றது பேனருக்கு ஆர்டர் கொடுத்த மறுநாள். போலீஸ் வேனைப் பார்த்து மாற்றின திட்டம் இல்லை அது.

அதற்கு அடுத்த நாள் காலை வண்டியில் தலைவரிடம் கேட்டேன். சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை போட வராது. பேனரில் சனிக்கிழமையே இடம் போட்டாச்சாமே அண்ணே என்றேன். அவர் என் டிபன் டப்பாவை மூடி என் மடியில் வைத்தார்.

"வண்டி நின்னுச்சா இல்லியா?" என்றார். "பேப்பர்ல வந்துச்சா இல்லியா? பொண்ணுக்கு வேற வேல கெடைக்கும் தம்பி. எக்ஸ்பிரஸ்னு சொல்லாம கூப்ட்டிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. டிரைவர் என் துணிக்கு நிற்பார், நான் அவர் பேச்சுக்கு நிற்பேன், அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள். இது மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். போலீஸ் இல்லாத, செக்கிங் இல்லாத வழி எங்கள் மூன்று பேர் வழியாகத்தான் இருந்தது.

பேப்பரில் வந்தது உண்மை. போட்டோவில் முன்னால் நான், துணியோடு. பின்னால் டிரைவர் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னவன் அதை வெட்டி ஸ்கூல் நோட்டில் ஒட்டிக்கொண்டான். அப்பா லீடர் என்று எல்லாரிடமும் காட்டினான். பெரியவள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் அவளிடம் இதுவரைக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் நாலாவது பெட்டிக்கு மாறிவிட்டேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் துணி வேணும் என்று சங்கத்திலிருந்து ஆள் வந்தார். கொடுத்தனுப்பினேன், நான் போகவில்லை. துணியை வேறு யாரோ கட்டினார்கள். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு மாலை மட்டும் போதும், துணி வேண்டாம் என்று அவிழ்க்கச் சொன்னாராம். அன்றைக்கு வண்டியை எதற்காக நிறுத்தினார் என்று அவர் ரயில்வேக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் பேரை எழுதவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பிளாட்பாரத்தில் இப்போது நான் ஓடிவந்தால் அவர் நிற்பதில்லை. நேரத்துக்கு எடுத்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல வாயில்லை.

பெரியவள் இப்போது பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் பில் போடுகிறாள். அதே வண்டி, அதே லேடீஸ் பெட்டி. என்னிடம் பேசுகிறாள், சிரிக்கிறாள், என் செருப்பு தேய்ந்துவிட்டால் சொல்லாமலே வாங்கிவருகிறாள். ஆனால் எங்காவது போவதென்றால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்பதில்லை. போனில் பார்க்கிறாள். நான் இருபது வருஷம் அந்த லைனில் போகிறவன். சில சமயம் போனில் இருப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்வதில்லை.

டி.வி. பார்த்தோமே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகவில்லை, லீவு போட்டேன். அவள் கிளம்பும்போது பைக் சாவியை எடுத்தேன். நடந்தே போகிறேன் என்றாள். கொஞ்ச தூரம் விட்டு நானும் பின்னாலேயே நடந்தேன். வண்டி வந்தது, ஏறினாள், போய்விட்டாள். அன்று பூராவும் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவப் போகும் வழியில் என் நாற்காலிப் பக்கம் நின்றாள்.

"இன்னிக்கும் அவுட்டர்ல போட்டுட்டாம்பா. இருவது நிமிசம். எக்ஸ்பிரஸ் போறதுக்கு."

நான் தலையை ஆட்டினேன். வண்டியைப் பற்றி அவளாக வந்து என்னிடம் பேசியது அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவள் முகம் கழுவி முடிக்கிற வரைக்கும் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சின்னவனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.